செடூனா என்று சொன்னேன்

டிவியில் வினாடி வினா நடத்துகிறவர்கள் பரிசுகளை வாங்கி அடுக்கும்போது, அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிற மனுஷனைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசிப்பார்களா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். கிம்பாவில் கோதுமை போடுகிற ஒருவருக்கு விசைப்படகு கொடுத்தார்கள். கிம்பாவிலிருந்து கடலைக் கண்ணால் பார்க்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டவேண்டும். இப்போது அந்தப் படகில் அவருடைய நாய் குட்டி போட்டிருக்கிறது. எங்கள் தெருக்கோடி மேவிஸுக்கு ஒரு வருஷத்துக்கான பூனைத் தீனி. பூனை வாசலில் வந்து நின்றாலே அவளுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் மாடியில் குடியிருக்கிற ஒரு வெல்டருக்குப் புல்வெட்டும் வண்டி, அதுவும் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய வண்டி. பாவம், அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மச்சானுக்குக் கொடுத்துவிட்டான்.

இதையெல்லாம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதை வரிசையாகத்தான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் என்னை நல்லவளாக்கிக் கொண்டுவிடுவேன்.

கூட உட்கார்ந்து சிரித்தவள் நோரீன். தெற்கு ஆஸ்திரேலியாவில், வயாலா என்ற ஊரில், எஃகு ஆலைக்காரர்களுக்கென்று அரசாங்கம் கட்டிய இரட்டை வீடுகளில் ஒன்றின் இந்தப் பாதி நான், அந்தப் பாதி அவள். நடுவில் ஒற்றைச் சுவர். அவள் தும்மினால் நான் இங்கிருந்தே ‘நூறாயுசு’ என்பேன். என் புருஷன் ஆர்தர் போய் ஒன்பது வருஷம், அவளுடைய கென் போய் ஆறு வருஷம். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு ஒரே மகள், ரேலீன். கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையோடு பெர்த்தில் இருக்கிறாள். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாலைவனம்.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ‘மணியடி’ வரும். ஐந்தே காலுக்கு நோரீன் பின்னல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நான் டீ போடுவேன். மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள், நடத்துனர் லெஸ்டர் கேள்வி கேட்பார், தெரிந்தவர் மணியை அடிக்கவேண்டும். அவர்கள் மணியைத் தொடுவதற்குள் நான் சோபாவிலிருந்து பதிலைக் கத்திவிடுவேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். படுக்கை விரிப்பு மடிக்கும்போது நாள் பூராவும் ரேடியோ ஓடும். மண்டையில் வேண்டாததெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்த அரை மணி நேரம்தான் எனக்கு நாள். நோரீனுக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் வராவிட்டால், ராத்திரி பால்காரனுக்குச் சீட்டு எழுதி வைக்கும்போதுதான் உறைக்கும், காலையிலிருந்து ஒரு ஜீவனிடம் வாய் திறந்து பேசவில்லை என்று.

நோரீன் மூன்று வருஷமாக என்னைப் பெர்த்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரயிலில் போகலாம், வா என்பாள். அவள் தனியாகப் போகமாட்டாள். அப்பா வீட்டிலிருந்து கென் வீட்டுக்கு வந்ததுதான் அவள் வாழ்க்கையில் பெரிய பிரயாணம். அதற்கும் அண்ணன் துணைக்கு வந்தான். நான் முதல் வருஷம் முதுகுவலி என்றேன். அடுத்த வருஷம் முழங்கால். மூன்றாம் வருஷம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், ரயிலில் டீ வாயில் வைக்க விளங்காது என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரேலீன் தன் வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை கட்டியிருந்தாள். ‘அம்மா ரூம்’ என்று பின்னால் எழுதி ஃபோட்டோ அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டாகிவிட்டது. அதை நோரீன் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருந்தாள். அங்கே போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயம். பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டவள் எதற்காக இந்தச் சிவப்புத் தூசிக்குத் திரும்பி வருவாள்? சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ புதுக் குடும்பம் வரும், ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் பாட்டுப் போடும், தெருவில் பார்த்தால் தலையாட்டும்.

ஒரு நாள் கேள்விக்கு நான் கத்தின கத்தில் அவள் பின்னல் ஊசி கீழே விழுந்துவிட்டது.

“ஏண்டி, எல்லாம் உனக்குத்தான் தெரியுதே. இங்க உக்காந்து என் காதுல கத்தறதுக்கு அங்க போய்க் கத்தினா ஒரு வண்டியாவது கிடைக்கும்ல?”

“எனக்கு எதுக்குடி வண்டி?”

“உனக்கு இல்ல, நமக்கு. உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே. என்னை முன்சீட்டுல வச்சுப் பெர்த்துக்கு ஓட்டு. உன் முதுகு எங்கெங்க வலிக்குதோ அங்கங்க நிறுத்திக்கலாம். டீயும் நாமளே போட்டுக்கலாம். இப்ப என்ன சொல்லுவ?”

விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். ‘உங்களைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று’ என்ற இடத்தில் ‘வாயாடி, ஆனால் நல்லவள்’ என்று எழுதினாள். அவளே தபாலில் போட்டாள். இவர்கள் எங்கே கூப்பிடப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். ஏப்ரலில் கூப்பிட்டுவிட்டார்கள்.

கடிதம் வந்த அன்றைக்கே பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு சாலை வரைபடம் வாங்கிவந்து என் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். எங்கே சாப்பிடுவது, எங்கே தங்குவது என்று பென்சிலில் வட்டம் போட்டாள். செடூனா, பெனாங், நல்லார்போர், யூக்லா. இந்த யூக்லா அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லையைத் தாண்டினதும் வருகிற முதல் ஊர், அதைத் தொட்டுவிட்டால் ரேலீனுடைய மாநிலத்துக்கு வந்துவிட்டோம் என்று கணக்கு. “யூக்லால ஒரு நாள் தங்கறோம். காலைல எழுந்து மேற்கால நின்னு ஒரு டீ குடிக்கறோம்” என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுவாள். கடைசியில் நானும் தட்டுக் கழுவும்போது யூக்லா யூக்லா என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மே மாதம் நான் மட்டும் அடிலெய்டுக்குப் பஸ் ஏறினேன். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் நோரீனுக்கு வாந்தி வந்துவிடும். ஒரே நாளில் ஒரு வாரத்து நிகழ்ச்சியைப் படம்பிடித்துவிடுவார்களாம், ஆளுக்கு ஐந்து உடுப்பு கொண்டுவரவேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. என்னிடம் உருப்படியாக மூன்றுதான் இருந்தது. மிச்சம் இரண்டும் நோரீனுடையது. இடுப்பில் பின் குத்திக்கொண்டு போட்டேன்.

அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. டிவியில் அரண்மனை மாதிரி தெரிகிறதெல்லாம் ஒட்டுப்பலகை. லெஸ்டருக்கு முகத்தில் ஆரஞ்சு வர்ணம். கழுத்துக்குக் கீழே அடிக்க மறந்துவிட்டார்கள். “நாளைக்குச் சந்திப்போம்” என்று கையாட்டிவிட்டுப் போவார், கால் மணி நேரத்தில் வேறு டை கட்டிக்கொண்டு வந்து “நேற்று இரவு நம்ம வால்டா எப்படி விளையாடினாங்க!” என்பார். நானும் உடுப்பை மாற்றிக்கொண்டு நேற்றைக்கு நன்றாகத் தூங்கியவள் மாதிரி சிரிப்பேன். கேள்விகள் ஒன்றும் பிரமாதமில்லை. திங்கள் ஜெயித்தேன். செவ்வாய் ஜெயித்தேன். புதன் ஜெயிக்கும்போது மணி பகல் இரண்டரை. நாலாவதாக வியாழனும் ஜெயித்ததும் திரையை விலக்கி ஒரு காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் நிறம். சின்னதுதான், ஆனால் முன்சீட்டு அகலமாக இருந்தது.

“வால்டாம்மா, வண்டி உங்களோடது!” என்றார் லெஸ்டர். ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் கையை உயர்த்தி அடக்கினார். “ஆனா ஒரு நிமிஷம். சாவிய வாங்கிட்டுப் போறீங்களா? இல்ல, கடைசிக் கேள்வியப் பாக்கறீங்களா? சரியாச் சொன்னா வண்டியோட பத்தாயிரம் டாலர். தப்பாச் சொன்னா வண்டியும் போச்சு, எல்லாம் போச்சு. என்ன சொல்றீங்க?”

“வண்டிய எடு! வண்டிய எடு!” என்று கூட்டம் கத்தியது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். யாரோ முன்பின் தெரியாதவள்.

எனக்கு அந்த முன்சீட்டுதான் கண்ணில் பட்டது. அதில் நோரீன் உட்கார்ந்து பெர்த்துக்குப் போகிறாள். வரும்போது அந்தச் சீட்டு காலி. நான் தனியாக அந்தச் சாலையில் திரும்பி வருகிறேன்.

“கேள்வி கேளுங்க” என்றேன்.

“அடேயப்பா! துணிச்சல்காரங்க!” என்றார் லெஸ்டர்.

என்ன கேட்டாலும் தப்பாகச் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பேராசைப்பட்டாள், தோற்றாள் என்று ஊர் நாலு நாள் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். பத்தாயிரமா, யாருக்கு வேண்டும்? அவர் அட்டையைத் திருப்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். “தெற்கு ஆஸ்திரேலியாவுலேருந்து நல்லார்போர் வழியா மேற்கே வண்டில போறோம். எல்லையத் தாண்டினதும் வர்ற முதல் ஊர் எது?”

உலகத்தில் எத்தனை ஆறு, எத்தனை மலை, எத்தனை மன்னன் இருக்கிறான்! அதையெல்லாம் விட்டுவிட்டு இதைக் கேட்கிறார்கள். நான் இல்லாத கடவுளைத் திட்டினேன். கடிகாரம் டிக் டிக் என்று ஓடியது.

“செடூனா” என்றேன்.

செடூனா எல்லைக்கு இந்தப் பக்கம், ஐந்நூறு கிலோமீட்டருக்கு முன்னாலேயே வந்துவிடுகிற ஊர். லெஸ்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். காரை வந்த வழியே தள்ளிக்கொண்டு போனார்கள். உடனே வாத்தியம் முழங்கியது. “ஆனா உங்களை வெறுங்கையோட அனுப்பிடுவோமா? குடும்பத்தோட வீட்டிலேயே விளையாட, இதோ ‘மணியடி’ விளையாட்டுப் பெட்டி!” ஒரு பெண் பல்லெல்லாம் தெரிய ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். அதையும் அங்கே தரவில்லை. ஒளிபரப்பு ஆன பிறகு தபாலில் வருமாம்.

வெளியே வரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒளிபரப்பாகும் வரை முடிவை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் பரிசு ரத்து. ஆகஸ்டில்தான் ஒளிபரப்பு. பதினொரு வாரம். ஓர் அட்டைப்பெட்டியை ரத்து செய்துவிடுவார்களே என்று பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தத் தாளின் பின்னால் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டிலேயே நோரீன் நின்றாள்.

“சொல்லு.”

“சொல்லக்கூடாதுடி. கையெழுத்து போட்டிருக்கேன்.”

“ஐயோ! அப்ப ஜெயிச்சுட்ட!”

“நான் எதுவும் சொல்லலையே.”

“தோத்திருந்தா அந்த லெஸ்டரப் பஸ் ஸ்டாண்டுலேருந்து வீடு வரைக்கும் திட்டிட்டே வந்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை?” என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

அந்தப் பதினொரு வாரத்தைப் போல ஒரு காலம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெட்கம்கெட்டவள், சொல்கிறேன். அவள் காலையிலும் வர ஆரம்பித்தாள். வரைபடம் மேசையிலேயே கிடந்தது. அதன் மேல் தட்டு வைத்தே சாப்பிட்டோம். குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளி வாங்கினாள். பெரிய ஃபிளாஸ்க் வாங்கினாள். ஸ்டீயரிங் சக்கரத்துக்கு உறை பின்னினாள். என் முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு மெத்தை தைத்து, அதை நாற்காலியில் வைத்து என்னை உட்காரச் சொல்லி, “இப்படி வலிக்குதா? இப்படி?” என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ‘என்ன கலர்னு மட்டும் சொல்லேன், உறைக்கு நூல் வாங்கணும்’ என்று கேட்டபோது நான் சிரித்து மழுப்பினேன். எப்படியோ அவள் மஞ்சளை எடுத்துவிட்டாள்.

எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் பின்னிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பாள், நான் டீ ஊற்றட்டுமா என்பேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஆகஸ்ட் வந்துவிட்டது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் என் வீட்டில் பார்த்தோம். நான் ஜெயிக்க ஜெயிக்க நோரீன் என் தோளில் அடித்தாள். தன் உடுப்பை டிவியில் பார்த்துக் குதித்தாள். வியாழக்கிழமை எல்லாரும் சேர்ந்து பார்க்க, நாங்கள் புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற பவுல்ஸ் கிளப்பின் செயலாளர் கிளாரி ஏற்பாடு செய்துவிட்டான். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. “நம்ம ஊர்க்காரி டிவில வர்றா, வீட்டுல பூட்டிக்கிட்டுப் பாப்பியா?” என்றான். ஒரு தட்டு நிறைய இறைச்சியைப் பரிசாக வைக்கிற கறித்தட்டுக் குலுக்கல் நடக்கிற நாள் வேறு. நாற்பது பேர் பீரும் கையுமாக டிவிக்கு முன்னால் கூடிவிட்டார்கள். நோரீன் முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். மடியில் அந்த மஞ்சள் உறை. கார் தெரிந்ததும் தூக்கிக் காட்டுவதற்காம்.

கார் வந்தது. தூக்கிக் காட்டினாள். “மஞ்சள்! பாத்தியா, மஞ்சள்!” என்று கூவினாள். ஜனங்கள் மேசையைத் தட்டினார்கள். லெஸ்டர் கையை உயர்த்தினார். திரையில் நான் “கேள்வி கேளுங்க” என்றதும் கிளப் முழுவதும் ‘ஓ’ என்று ஒரு சத்தம். நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயமே இல்லை; எனக்குத் தெரியாத பதில் கிடையாது என்று அவளுக்கு நம்பிக்கை. கேள்வியைக் கேட்டார்கள்.

“யூக்லா!” என்று கத்தினாள் நோரீன். என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் பூரித்துப்போய், “யூக்லாடி! நம்ம யூக்லா!” என்றாள்.

திரையில் அந்தக் கிழவி நோரீனுடைய நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு “செடூனா” என்றாள்.

“போச்சுடா!” என்றான் ஒருத்தன். “செடூனாவா? ஏம்மா, அது நம்ம பக்கம்ல!” என்றான் இன்னொருத்தன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள், ஐயோ பாவம் என்றார்கள். அட்டைப்பெட்டியைக் காட்டினபோது சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. அன்றைக்குக் குலுக்கலில் கறித்தட்டு கிளாரிக்கே விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினான். “இந்தா வால்டா, எடுத்துக்க. நீ ஜெயிச்சதவிட இது கனம்.” நல்ல மனசோடுதான் சொன்னான்.

நோரீன் என் கையை விட்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். திட்டுவாள், கேட்பாள் என்று நினைத்தேன். மஞ்சள் உறையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள், எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள், மேவிஸோடு நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் என்னுடைய கோட்டும் அவளுடையதும் ஒரே கொக்கியில்தான் மாட்டியிருந்தது. என்னுடையதைக் கீழே விழாமல் திரும்பவும் மாட்டிவிட்டுத்தான் போனாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தே காலுக்கு டீ போட்டு வைத்தேன். வரவில்லை. சனி, ஞாயிறு நிகழ்ச்சி இல்லை. திங்கள் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய டிவியில் அதே ‘மணியடி’ ஓடுகிறது, எனக்குக் கேட்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் தும்மினாள். நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். மேவிஸ்தான் செய்தி கொண்டுவந்தாள்: நோரீன் வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறாளாம். கிளாரி அவளைப் போர்ட் அகஸ்டா ஸ்டேஷனில் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிடுகிறானாம்.

“கூட யாரு போறா?” என்றேன்.

“யாரும் இல்ல. தனியாத்தான் போறாளாம். உங்கிட்ட சொல்லலியா?”

புதன்கிழமை தபாலில் பெட்டி வந்தது. மூடியில் லெஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மணி, அமுக்கினால் தவளை மாதிரி ஒரு சத்தம். கேள்வி அட்டைகள். விளையாட மூன்று பேர், கேள்வி கேட்க ஒருவர், ஆக மொத்தம் நாலு பேர் வேண்டும் என்று விதிமுறை. கூடவே ஒரு படிவம். பரிசு கிடைத்தது என்று நான் கையெழுத்து போடவேண்டும். உறவினர் அல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பெயரும் நிலையான முகவரியும் எழுதவேண்டும். இந்த அட்டைக்குச் சாட்சி வேறு! இருந்தாலும் எனக்கு அது நல்ல சாக்காகப் பட்டது. மேவிஸிடம் போயிருக்கலாம். நான் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தாள். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அந்தக் கம்பளி மேலாக மடித்து வைத்திருந்தது. ஃப்ரிட்ஜ் மேலிருந்த ஃபோட்டோவைக் காணோம்.

“சாட்சிக் கையெழுத்து வேணுமாம்” என்றேன்.

“எதுக்கு?”

“பரிசு வந்துடுச்சுன்னு.”

வாங்கினாள். கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி தலையிலேயே இருந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். சமையல் மேசையில் உட்கார்ந்து படிவத்தை மேலிருந்து கீழே வாசித்தாள். நான் நின்றேன்.

“நோரீன், அங்க விளக்கெல்லாம் போட்டு, கடிகாரம் டிக் டிக்னு...”

“பொய் சொல்லாதடி.” சத்தமே போடவில்லை. “பயத்துல மறக்கற ஆளா நீ? முப்பது வருஷத்துக்கு முன்னால ரேடியோல கேட்டத ஒப்பிப்ப. யூக்லாவ மறந்துட்டியா?”

“மறக்கல.”

“அப்புறம்?”

மூன்று வருஷமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். “நீ அங்கேயே இருந்துடுவ. அதான். அந்த ரூம், திரை எல்லாம்... நீ திரும்பி வரமாட்ட. நான் என்ன பண்ணுவேன் இங்க? போகாதடி.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“மூணு வாரம்” என்றாள்.

“என்ன?”

“மூணு வாரம்தான் இருக்கறதா இருந்தேன். மருமகன் வீட்டுல அதுக்கு மேல யாரால இருக்க முடியும்? அந்த ட்ரெவர் சாப்பிடற தட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்து நகம் வெட்டுவான். ரேலீன்கிட்ட அப்பவே எழுதிட்டேன், அந்த ரூம யாருக்காவது வாடகைக்கு விட்டுடுன்னு. கிளாரியக் கேட்டுப்பாரு, வசந்தகாலப் போட்டிக்கு நம்ம ரெண்டு பேரையும் ஒரே அணில போடச் சொல்லி ஜூன் மாசமே பேர் குடுத்துட்டேன். அங்க போய் எனக்கு யாரு இருக்கா, பேச?”

“சொல்லியிருக்கலாம்ல!”

“நீ கேட்டிருக்கலாம்ல?”

உலகத்தில் உள்ள எல்லாக் கேள்விக்கும் சோபாவிலிருந்து கத்துகிறவளுக்கு இதற்கு மட்டும் பதில் இல்லை.

“நான் மெத்தை தைச்சேன்டி உனக்கு. பதினோரு வாரம். நீ உக்காந்து பாத்துட்டு இருந்த” என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எங்கள் தெருவின் பெயரை எழுத அரை நிமிஷம் போதும். அத்தனை வருஷம் எழுதின முகவரி. அவள் எழுந்து போய் கைப்பையிலிருந்து ரேலீனின் கடிதம் ஒன்றை எடுத்துவந்தாள். உறையின் பின்பக்கத்தைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக, கதவு எண்ணையும் தெருவையும் பெர்த்தையும் எழுதினாள்.

“பக்கத்து வீட்டைத்தானே எழுதணும்” என்றேன்.

“நிலையான முகவரின்னு கேட்டிருக்கான்” என்றாள். பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

மை இன்னும் காயவில்லை. நான் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் கூடத்துக்குப் போய்ப் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, கம்பளியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து, டிசம்பருக்கு முன்னால் தேவையே படாத வெயில்காலத்து உடுப்புகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.